பதினேழு வயதுப் பையனுக்கு மறுநாளே மார்க் போடலாமா? பேஸ்பால் டிராஃப்ட்: கேள்வி பதில்

ஜூலை மாதம் டிராஃப்ட் முடிந்த மறுநாளே எல்லா அணிகளுக்கும் ஏ, பி, சி என்று கிரேடு போட்டுவிடுகிறார்கள். எங்கள் அணிக்கு சி கொடுத்திருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. இதை நம்பலாமா?
— ஒரு வாசகர், நியூ ஜெர்சி

நம்பாதீர்கள். அந்த கிரேடு எதை அளக்கிறது என்று முதலில் பாருங்கள். டிராஃப்ட் என்பது, வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகின் அணிகள் பள்ளி, கல்லூரிப் பையன்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. அதற்கு முன்பே நிபுணர்கள் ஆளுக்கொரு வரிசைப் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். அதில் 15வது இடத்தில் இருக்கும் பையனை உங்கள் அணி 30வது தேர்வில் எடுத்தால் "அடடா, லாபம்" என்பார்கள், 60வது இடத்தில் இருப்பவனை 30வது தேர்வில் எடுத்தால் "நஷ்டம்" என்பார்கள். அதாவது அணியின் பட்டியல் தங்கள் பட்டியலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குத்தான் மார்க். அந்தப் பையன் நாளைக்கு என்ன ஆவான் என்பதற்கும் அந்த மார்க்குக்கும் இருக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

எனக்குப் பிடித்த உதாரணம் நியூயார்க் மெட்ஸ் 2010இல் செய்த டிராஃப்ட். முதல் சுற்றில், ஒட்டுமொத்தத்தில் 7வது ஆளாக மேட் ஹார்வி என்ற பிட்சரை (பந்து வீசுபவர்) எடுத்தார்கள். 2013இல், லீகின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்திலேயே அவர் தொடக்கப் பிட்சராக இறங்கினார். அந்த வருஷம் யாராவது மெட்ஸின் 2010 டிராஃப்டுக்கு மார்க் போட்டிருந்தால் முழு மார்க்கும் ஹார்விக்காகத்தான் போட்டிருப்பார்கள். அப்புறம் முழங்கை, அதற்கப்புறம் தோள்பட்டைப் பக்கம் என்று அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை, அவர் பழையபடி திரும்பவே இல்லை. அதே டிராஃப்டில் 9வது சுற்றில், 272வது ஆளாக ஒரு பையனை எடுத்திருந்தார்கள். கல்லூரியில் அவன் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஆடியவன், கடைசி வருஷத்தில்தான் ஒழுங்காகப் பந்து வீசவே ஆரம்பித்தான், அணியில் சேர்ந்த சூட்டோடு முழங்கைத் தசைநாரும் போய்விட்டது. 2013இல் அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பையன்தான் ஜேக்கப் டிகிராம். 2014இல் சிறந்த புதுமுகம், 2018இலும் 2019இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

ஒரே டிராஃப்ட்தான். மூன்று வருஷத்தில் ஒரு பெயரைச் சொல்லும், எட்டு வருஷத்தில் வேறு பெயரைச் சொல்லும். குறைந்தது ஐந்தாறு வருஷம் பொறுக்காமல் ஒரு டிராஃப்டைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. உங்கள் அணியின் சி கிரேடை அப்படியே எடுத்து வையுங்கள், பிறகு பார்க்கலாம்.

நீங்கள் நியூ ஜெர்சி என்பதால் இன்னொன்று. மைக் டிரவுட் உங்கள் மாநிலத்தில் மில்வில் ஊர்ப் பையன். 2009இல் 25வது ஆளாகத்தான் போனார். அவரை எடுத்த ஏஞ்சல்ஸ் அணிக்கு 24வது தேர்வும் இருந்தது, அதில் அவர்கள் எடுத்தது ராண்டல் கிரிச்சக்கை! குளிர்ப் பிரதேசத்தில் வசந்த காலத்தில் நடக்கும் ஆட்டங்கள் குறைவு, எதிரே நல்ல பிட்சர்களும் குறைவு, அதனால் இந்தப் பையன் அடிப்பதை எவ்வளவு தூரம் நம்புவது என்று பல அணிகள் தயங்கின. பிறகு மூன்று முறை எம்.வி.பி. (லீகின் மிக மதிப்புள்ள வீரர்) ஆனார்.

அப்படியானால் ஒரு அணி நல்ல தேர்வு செய்ததா, கெட்ட தேர்வு செய்ததா என்று சொல்லவே முடியாதா? அதிர்ஷ்டம்தானா எல்லாம்?
— ஒரு வாசகர், சிகாகோ

சொல்லலாம். ஆனால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எடுத்த நாளில் தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவா என்பது ஒன்று. எடுத்த பிறகு அந்தப் பையனை அணி எப்படி வளர்த்தது என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

2013இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதல் தேர்வில் மார்க் அப்பெல் என்ற ஸ்டான்ஃபோர்ட் பிட்சரை எடுத்தது. இரண்டாவதாக உங்கள் ஊர் கப்ஸ் எடுத்தது கிரிஸ் பிரையன்ட்டை. பிரையன்ட் 2015இல் சிறந்த புதுமுகம், 2016இல் எம்.வி.பி., அந்த வருஷமே 108 வருஷத்துக்குப் பிறகு கப்ஸுக்கு உலகத் தொடர் கோப்பை. அப்பெல் 2018இல் ஆட்டத்தை விட்டே விலகினார், மனசு மாறித் திரும்பி வந்து 2022இல் பிலீஸ் அணிக்காக ஒருவழியாக மேஜர் லீகில் கால் வைத்தார், அப்போது அவருக்கு வயது 30. இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு "ஆஸ்ட்ரோஸுக்குக் கண் தெரியவில்லையா" என்று கேட்பது சுலபம். அன்றைக்கு அப்பெல் பலர் பட்டியலில் உச்சியில் இருந்தவர், பெரிய உடம்பு, வேகம், நல்ல கல்லூரி ரெக்கார்ட். அந்தத் தேர்வை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். பிட்சரை முதல் இடத்தில் எடுத்தால் கூடவே வரும் ஆபத்து அது, அவ்வளவுதான்.

பிரையன் டெய்லர் கதை இன்னும் மோசம். 1991இல் யாங்கீஸின் முதல் தேர்வு, 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர் போனஸ், அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் போயிற்று. மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. இளம் வீரர்களைத் தேடிப் போய் மதிப்பிடும் எந்த ஸ்கவுட் இதை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும்?

எங்கள் அணிக்கு மேலே தேர்வு கிடைத்தும், எல்லாரும் "இவன்தான் நம்பர் ஒன்" என்று சொன்ன பையனை விட்டுவிட்டு வேறொருவனை எடுத்தார்கள். காசு மிச்சம் பிடிக்கத்தானே? கோபமாக வருகிறது.
— ஒரு வாசகர், மேரிலாந்து

காசு மிச்சம் பிடிப்பது உண்மைதான், ஆனால் பல சமயம் அந்தக் காசு முதலாளியின் சட்டைப் பைக்குப் போவதில்லை. 2012இலிருந்து விதி இதுதான்: முதல் பத்து சுற்றில் உள்ள ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மதிப்புத் தொகை உண்டு. அணியின் தேர்வுகளுக்கான தொகையெல்லாம் கூட்டினால் அதுதான் அந்த அணியின் போனஸ் பை. யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது அணியின் இஷ்டம், மொத்தம் பைக்குள் நிற்க வேண்டும். 5 சதவீதம் வரை தாண்டினால் தாண்டிய தொகைக்கு 75 சதவீத வரி. அதற்கு மேல் போனால் எதிர்கால முதல் சுற்றுத் தேர்வே பறிபோகும். அதனால் அணிகள் அந்த 5 சதவீதக் கோட்டுக்குள்ளேயே நின்றுகொள்கின்றன.

இப்போது 2012 ஆஸ்ட்ரோஸைப் பாருங்கள். அந்த வருஷம் பலர் பட்டியலில் பைரன் பக்ஸ்டன்தான் முதல் ஆள். ஆஸ்ட்ரோஸ் எடுத்தது போர்ட்டோ ரிக்கோ ஷார்ட்ஸ்டாப் கார்லோஸ் கொரேயாவை. முதல் தேர்வின் மதிப்பு 72 லட்சம் டாலர், கொரேயா 48 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சம் 24 லட்சம். லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியர் என்ற பள்ளிக்கூடப் பிட்சர் பெரிய தொகை கிடைக்காவிட்டால் கல்லூரிக்குப் போய்விடுவார் என்ற பயத்தில் மற்ற அணிகள் அவரை விட்டுவிட்டிருந்தன. ஆஸ்ட்ரோஸ் அவரை 41வது ஆளாக எடுத்து 25 லட்சம் கொடுத்தது. ஐந்து வருஷம் கழித்து 2017 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் மெக்கல்லர்ஸ், அவருக்குப் பின்னால் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவர் கொரேயா. அந்தக் கோப்பையின் மேல் எதிரணிக் கேட்சரின் சைகைகளைத் திருடிய கறை இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் டிராஃப்ட் வேலை என்ற அளவில் அது அருமையான வேலை.

ஆக, முதல் தேர்வை மட்டும் பார்த்துக் கோபப்படாதீர்கள். இரண்டாவது சுற்றிலிருந்து ஐந்தாவது சுற்று வரை யார் வந்தார்கள், அவர்களுக்கு அந்தத் தேர்வின் மதிப்பைவிட எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். மிச்சப்படுத்திய பணம் அங்கே செலவாகியிருந்தால் அணிக்குள் ஒரு யோசனை இருக்கிறது. எங்கேயும் செலவாகவில்லை என்றால் அப்போது கோபப்படுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுகிறேன்.

ஸ்கவுட் அறிக்கைகளில் 45, 55, 60 என்று எண்கள் வருகின்றன. நூற்றுக்கா?
— ஒரு வாசகர், டொராண்டோ

இல்லை. அளவுகோல் 20இல் தொடங்கி 80இல் முடிகிறது. 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. 60 என்றால் சராசரியைவிடத் தெளிவாக மேல், 70 என்றால் லீகிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்களில் ஒருவர், 80 அபூர்வம். அதனால் "45 தானா" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். உலகத்திலேயே உயர்ந்த லீகில் சராசரிக்கு ஒரு மயிரிழை கீழே என்று அர்த்தம்.

பேட்டர்களுக்கு ஐந்து திறமைகளுக்குத் தனித்தனி எண்: பந்தை மட்டையில் வாங்குவது, பலமாக அடிப்பது, ஓட்டம், எறியும் கை, ஃபீல்டிங். இதில் ஓட்டத்தை ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும், வலது கை பேட்டர் அடித்துவிட்டு முதல் பேஸைத் தொட 4.3 விநாடி எடுத்தால் 50. கையின் வேகத்தை ரேடார் சொல்லிவிடும். அடியின் பலத்தைக்கூட இப்போது கருவி சொல்லிவிடுகிறது. முதலில் சொன்ன அந்த ஒன்று, பந்தை மட்டையில் வாங்கும் திறமை, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதுதான் கணிக்கவும் ரொம்பக் கஷ்டம். ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பையனுக்கு யாரும் மணிக்கு 95 மைலில் வீசியதில்லை, நல்ல ஸ்லைடரை (கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகும் பந்து) அவன் பார்த்ததே இருக்காது. பாதிக்கும் மேல் ஊகம். நான் ஒரு அறிக்கையைப் படிக்கும்போது மற்ற நான்கு எண்களை வேகமாகத் தாண்டிவிட்டு, இந்த ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கவுட் என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்றுதான் தேடுவேன்.

மைனர் லீக் புள்ளிவிவரங்களை நானே பார்க்கிறேன். எதை நம்பலாம்?
— ஒரு வாசகர், சியாட்டில்

முதலில் வயதைப் பாருங்கள். மேஜர் லீகுக்குக் கீழே படிப்படியாக இருப்பது மைனர் லீக். அதில் மேலிருந்து இரண்டாவது படியான டபுள் ஏ நிலையில் 20 வயதுப் பையன் சுமாராக ஆடுகிறான் என்றால் அது நல்ல செய்தி. அங்கேயே 25 வயதுக்காரர் பிரமாதமாக ஆடுகிறார் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அப்புறம் ஸ்டிரைக் அவுட்டும் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆவது) வாக்கும் (நான்கு தவறான பந்துக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது). 30 ஆட்டத்து பேட்டிங் சராசரி எப்படி வேண்டுமானாலும் ஆடும், இந்த இரண்டும் சீக்கிரம் ஒரு நிலைக்கு வந்துவிடும். மூன்றாவதாக ஆடும் இடம். பசிபிக் கோஸ்ட் லீக் என்ற மைனர் லீகில் சில மைதானங்கள் கடல் மட்டத்துக்கு ரொம்ப உயரத்தில் இருக்கின்றன, காற்று லேசு, பந்து பறக்கும், அங்கே குவியும் ஹோம் ரன்களில் கொஞ்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி எண்களிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். அங்கே உலோக மட்டை. அதனால்தான் கோடையில் கல்லூரி வீரர்கள் ஆடும் கேப் காட் லீகை எல்லா ஸ்கவுட்டும் மொய்க்கிறார்கள், அங்கே மர மட்டை. அந்த ஆட்டங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது, மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடலாம். வசந்த காலத்தில் உலோக மட்டையால் பின்னியெடுத்த பையன் மர மட்டையோடு உள்பக்கம் வரும் வேகப்பந்தைச் சந்திப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், எந்த அட்டவணையும் சொல்லாததை ஒரே மாலையில் தெரிந்துகொள்ளலாம்.

மிக மோசமாகத் தோற்ற அணிக்குத்தானே முதல் தேர்வு? 2023இல் ஏன் மாறியது?
— ஒரு வாசகர், வாஷிங்டன்

2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். வேண்டுமென்றே தோற்றுக் கடைசி இடம் பிடிப்பதைத் தடுக்க வந்த விதி. 2022இல் 107 ஆட்டம் தோற்றது உங்கள் நேஷனல்ஸ், குலுக்கலில் ஜெயித்தது பிட்ஸ்பர்க். பைரட்ஸ் பால் ஸ்கீன்ஸை எடுத்தது, உங்களுக்கு டிலன் க்ரூஸ். இருவரும் ஒரே லூசியானா ஸ்டேட் கல்லூரி அணி. ஸ்கீன்ஸ் அடுத்த வருஷமே சிறந்த புதுமுகம். வலிக்கத்தான் செய்யும். 2025இல் குலுக்கல் உங்கள் பக்கம் விழுந்து ஓக்லஹோமாவின் ஈலை வில்லிட்ஸ் வந்திருக்கிறார். எடுத்தபோது அவருக்கு 17 வயது. பொறுமையாக இருங்கள், இப்போதே இவரையும் ஸ்கீன்ஸையும் ஒப்பிடாதீர்கள்.

என் மகனுக்கு 17 வயது, பிட்சர். ஸ்கவுட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கல்லூரி இடமும் கைவசம் இருக்கிறது. அவன் உடனே ஆடப் போக வேண்டும் என்கிறான். அவன் அப்பா படிப்பு என்கிறார். நடுவில் நான். என்ன செய்வது?
— ஒரு தாய், டெக்சாஸ்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். நான் முடிவு சொல்ல முடியாது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான்கு வருஷக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பொதுவாக மூன்று வருஷம் முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை மறுபடி டிராஃப்டில் எடுக்க முடியாது. இரண்டு வருஷ ஜூனியர் கல்லூரி என்றால் அந்தக் காத்திருப்பு இல்லை, நிறையப் பேருக்கு இந்த நடுவழி ஞாபகமே வருவதில்லை.

கல்லூரிக்குப் போய் ஜெயித்தவர் கெரிட் கோல். 2008இல் யாங்கீஸ் முதல் சுற்றில் 28வது ஆளாக எடுத்தும் வேண்டாம் என்று யூ.சி.எல்.ஏ.வுக்குப் போனார். 2011இல் ஒட்டுமொத்த முதல் தேர்வு, 80 லட்சம் டாலர். 2019 டிசம்பரில் அதே யாங்கீஸ் ஒன்பது வருஷத்துக்கு 32 கோடியே 40 லட்சம் டாலருக்கு அவரைக் கூட்டி வந்தது. கையெழுத்தாகாமல் போனதால் பெருந்தொகையை இழந்தவர் பிரேடி ஏய்கன். 2014இல் முதல் தேர்வு, முழங்கை ஸ்கேனைப் பார்த்து அணி தொகையைக் குறைத்தது, பேச்சு முறிந்தது. மறு வருஷம் முழங்கையில் அறுவை சிகிச்சை. 2015இல் 17வது ஆளாகப் போனார், மேஜர் லீகை எட்டவில்லை. இரண்டு பையன்களும் திறமைசாலிகள்தான். கோலின் முழங்கை அப்போது தாங்கியது, ஏய்கனுடையது தாங்கவில்லை.

அதனால் நான் பார்ப்பது இதை. முதல் சில சுற்றுகளுக்குள் வந்து, வாழ்க்கையைத் தாங்கும் அளவுக்குப் போனஸ் கொடுத்தால், பிட்சரைப் பொறுத்தவரை வாங்கிக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. ஒப்பந்தத்தில் பிற்காலப் படிப்புச் செலவையும் அணியே ஏற்கும்படி எழுதி வாங்க வழி இருக்கிறது. கட்டாயம் கேளுங்கள், அவன் அப்பாவுக்கும் அது கொஞ்சம் நிம்மதி. சின்னத் தொகை என்றால் கல்லூரிக்கு அனுப்புங்கள். மைனர் லீக் சம்பளத்தை நம்பி அனுப்பிவிடாதீர்கள். 2023 ஒப்பந்தத்தில் நன்றாக உயர்த்திய பிறகும் அடிமட்டத்தில் வருஷத்துக்கு 19,800 டாலர், உச்சிப் படியான டிரிபிள் ஏயிலேயே 35,800 டாலர். பஸ் பயணமும் வெளியூர் வாசமுமாக நாலைந்து வருஷம் ஓடும்.

இன்னொன்று. ஸ்கவுட் வரும் நாளில் ரேடார் எண்ணுக்காகக் கையை முறித்துக்கொண்டு வீச விடாதீர்கள். வலிக்கிறது என்று அவன் உங்களிடம்தான் முதலில் சொல்வான், பயிற்சியாளரிடம் சொல்ல மாட்டான். அதைக் காதில் வாங்குங்கள். "கீழ் லீகில் கஷ்டம் வந்தால் நீ என்ன செய்வாய்" என்று அவனிடம் ஒரு ராத்திரி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் பதிலில் உங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எங்கள் அணியின் இளம் வீரர் பட்டியல் ஒரு காலத்தில் நாட்டிலேயே முதல் ஐந்துக்குள் இருந்தது. ஆனால் அவர்களை விற்றுவிடுகிறார்கள்!
— ஒரு வாசகர், சான் டியாகோ

இளம் வீரர்கள் ஒரு வகையில் கைச்செலாவணி. 2016இல் கப்ஸ் கிளேபர் டோரஸ் உள்ளிட்ட நால்வரைக் கொடுத்து அரோல்டிஸ் சாப்மன் என்ற பிட்சரை வாங்கியது, கோப்பையும் வந்தது. டோரஸ் வேறு ஊரில் ஆல் ஸ்டார் ஆனார். கப்ஸ் ரசிகர்கள் யாரும் அந்தப் பண்டமாற்றை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் அண்ணன் மகன் கல்லூரி முடித்த கேட்சர். 20 சுற்றிலும் அவன் பெயர் வரவில்லை. அறையை விட்டு வெளியே வர மறுக்கிறான். அவ்வளவுதானா?
— ஒரு வாசகர், வட கரோலினா

இல்லை. கேட்சர் என்கிறீர்கள், அதனால் மைக் பியாசாவிலிருந்து தொடங்குகிறேன். 1988இல் 62வது சுற்று, 1390வது ஆள். டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா அவர் அப்பாவின் நண்பர், அந்தத் தயவுக்காகத்தான் எடுத்தார்கள். கேட்சராக மாற்றினார்கள், அவர் மாறினார். 2016இல் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் புகழ்பெற்றோர் மண்டபம்) அவரோடு நுழைந்தவர் கென் கிரிஃபி ஜூனியர், 1987இன் முதல் தேர்வு.

இன்றைக்கு 62வது சுற்று கிடையாது. 2019 வரை 40 சுற்று இருந்தது, கொள்ளை நோய் வந்த 2020இல் ஐந்தாகக் குறைந்து, 2021இலிருந்து 20. அந்தப் பாதி வாசலை அடைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. 13வது சுற்றில் வந்த ஆல்பர்ட் புஹோல்ஸ் 703 ஹோம் ரன் அடித்தார். யார் எங்கிருந்து வருவார் என்று தெரியாத ஆட்டத்தில் எண்ணிக்கையைக் குறைத்து என்ன கண்டார்கள்?

சரி, பையன் விஷயம். டிராஃப்டில் வராதவர்கள் எந்த அணியோடும் நேரடியாக ஒப்பந்தம் போடலாம். டிராஃப்ட் முடிந்த சில மணி நேரத்திலிருந்தே அணிகள் போன் செய்ய ஆரம்பிக்கும், கேட்சர்களுக்கு எப்போதும் தேவை உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு மைனர் லீக் அணியிலும் பிட்சர்களின் பந்தைப் பிடிக்க ஆட்கள் வேண்டும். இரண்டு மூன்று அணிகள் கேட்டால், அதிகப் பணம் கொடுக்கும் அணியைவிட கேட்சர் குறைவாக இருக்கும் அணியாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், அங்கேதான் ஆட வாய்ப்பு வரும். யாருமே கூப்பிடவில்லை என்றால் டிராஃப்ட் லீகின் இரண்டாம் பாதி இருக்கிறது, அது இப்படி விடுபட்டவர்களுக்காகவே நடப்பது, சம்பளமும் உண்டு. அதற்கப்புறம் மேஜர் லீக் அணிகளோடு சேராத சுயேச்சை லீகுகள். அவனுடைய கல்லூரிப் பயிற்சியாளர் தனக்குத் தெரிந்த ஸ்கவுட்களுக்கு இன்றைக்கே பேசட்டும். போனை சார்ஜில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, அவன் பக்கத்தில் வையுங்கள்.